பாத்திக்கு அடங்காத எண்

என் மகளுக்குப் பதின்மூன்று வயதில், டைபாயிட் என்கிற நெருப்புக்காய்ச்சல் வந்தது. அந்த மழைக்காலத்தில், தீவுக் கிராமமான புளியங்கூடலில் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, இன்னும் நாலைந்து வீடுகளில் அந்தக் காய்ச்சல் கிடந்தது. மற்றத் தாய்மார் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தார்கள். நானும் வைத்தேன். ஆனால் நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டேன். வெட்கத்தால் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பிள்ளையின் புத்தி பழுதாகாமல் திரும்பி வர வேண்டும் என்று கேட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண், என்னைவிட இளையவள், முந்திய வருடம் அதே காய்ச்சலில் கிடந்து எழும்பியிருந்தாள். உடம்பு தேறிவிட்டது. சிரிப்பாள், கதைப்பாள், சமைப்பாள். ஆனால் தன் பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுவாள். கிணற்றடியில் வாளியை உள்ளே இறக்கிவிட்டு, எதற்காக இறக்கினேன் என்று கயிற்றைப் பிடித்தபடி நிற்பாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அவளைக் கண்டிருக்கிறேன். கண்டபோதெல்லாம் நடையை விரைவாக்கியிருக்கிறேன்.

என் மகள் கணக்குப் பிள்ளை. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் என்பதால் என்னிடமிருந்து வந்த பழக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது பனம்பாத்தியிலிருந்து வந்தது. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழுந்து முடிந்ததும், கிழங்குக்காகக் கொட்டைகளைப் பாத்தியில் போடுவோம். என் கணவர் கடகத்தோடு கொட்டிப் பரப்பிவிட்டு மண்ணை மூடுகிறவர். மகள் விடமாட்டாள். நிரை நிரையாக அடுக்க வேண்டும். கடைசி நிரையில் ஒன்று குறையவும் கூடாது, ஒன்று மிஞ்சவும் கூடாது. பன்னிரண்டு கொட்டை என்றால் நாலு நாலாக மூன்று நிரை. பதின்மூன்று என்றால் எப்படி அடுக்கினாலும் ஏதாவது வெளியே கிடக்கும்.

“அப்ப எல்லாத்தையும் ஒரே நிரையா அடுக்கன்,” என்றார் தகப்பன்.

“அது பாத்தியில்லை ஐயா, வேலி.”

“கிழங்குக்கு உந்தக் கணக்கெல்லாம் தெரியுமோ?”

“தெரியாட்டி நீங்கள் சொல்லிக் குடுங்கோ.”

இப்படியாக, பள்ளிக்கூடத்தில் நான் பகா எண் என்று படிப்பித்தது எங்கள் வீட்டில் ‘பாத்திக்கு அடங்காத எண்’ ஆனது. பிறகு நானே வகுப்பிலும் அப்படிச் சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கியது.

ஒருநாள், எனக்குத் தெரிந்த பாத்திக்கு அடங்காத எண்களில் ஆகப் பெரியது எது என்று கேட்டாள். நான் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் நின்று படித்தவள். அங்கே கணக்குப் படிப்பித்த வெள்ளைக்கார அம்மா ஒருநாள் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதி, பத்து இலட்சத்தைத் தாண்டியதும் வருகிற பகா எண்கள் இவை என்று சொன்னது என் மனத்தில் நின்றிருந்தது. ஒன்று பத்து இலட்சத்து மூன்று. மற்றது பத்து இலட்சத்து ஒன்பது. அதை மகளுக்குச் சொன்னேன்.

“ஆர் அடுக்கிப் பாத்தது?” என்றாள்.

“பெரிய ஆக்கள் பாத்திருப்பினம்.”

“அவையளுக்கு அவ்வளவு கொட்டை எங்காலை?”

தகப்பன் சிரித்தார். “பத்து லட்சம் கொட்டைக்கு ஊர்காவற்றுறை தொடக்கம் வேலணை மட்டும் பாத்தி வெட்ட வேணும். என்னாலை ஏலாது, இப்பவே சொல்லிப்போட்டன்.”

அவள் சிலேற்றை எடுத்துக்கொண்டாள். இரண்டு எண்களில் ஒன்பதில் முடிவதைத்தான் தெரிந்தெடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அதன் முகம் பிடித்திருக்கிறது என்றாள்.

நான் அவளுக்கு வழி காட்டவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட நிரைகளைப் பார்க்கத் தேவையில்லை என்றாள். ஒரு பக்கம் ஆயிரத்தைத் தாண்டினால் மறுபக்கம் ஆயிரத்துக்குள் வந்துவிடும்; பாத்தியைச் சுற்றிப் போய் மறுபக்கத்தில் நின்று பார்த்தால் போதும். ஆகவே ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்களால் மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒருநாள் குசினிக்குள் அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

“அம்மா, அதிலை பத்தைக் கழிச்சுப் பாருங்கோ. என்ன வருகுது?”

கழித்துப் பார்த்தேன். ஆறு ஒன்பதுகள் வரிசையாக வந்தன. அந்த ஆறு ஒன்பதுகளை மூன்றும் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் முப்பத்தேழும் மிச்சமில்லாமல் பிரிக்கும். பத்தை அவற்றில் ஒன்றும் பிரிக்காது. அப்படியென்றால் பத்தைத் திரும்பச் சேர்த்தவுடன் அவற்றில் ஒன்றாலும் பிரிக்க ஏலாது. “ஒரு கொத்திலை ஐஞ்சு பேரை வெட்டியாச்சு,” என்று கையைத் தட்டினாள். இரண்டும் ஐந்தும் ஏற்கெனவே போய்விட்டன, எண் ஒன்பதில் முடிவதால். மீதியை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இருநூற்று எண்பத்து மூன்று வரை வந்தாள். எல்லாவற்றுக்கும் மிச்சம் இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்த எண்ணுக்கு எப்போதும் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் தலை இடிக்கிறது என்று படுத்தாள்.

பரியாரியார் நாடியைப் பிடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமர்த்திப் பார்த்தார். வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா என்று என் கணவர் கேட்டார். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. “இந்தக் காய்ச்சல்காரரை அசைக்கப்படாது. குடல் பொத்துப்போகும்,” என்றார் பரியாரியார். கஞ்சித் தெளிவைத் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது. வெளிச்சம் கூடாது. ஆட்கள் கூடாது. கடைசியாக என்னிடம் திரும்பி, “தங்கச்சி, சன்னி காணும். பிள்ளை உளறும். நீர் மறுமொழி சொல்லக் கூடாது. மறுமொழி சொன்னால் மூளை அந்த வழியிலேயே இழுபட்டுப் போகும். மூளைக்கு ஒரு வேலையும் குடுக்கக் கூடாது,” என்றார்.

காய்ச்சல் தொடங்கி மூன்றாம் கிழமையில் சன்னி கண்டது.

என் கணவருடைய தமக்கை, மச்சாள், அப்போது உதவிக்கு எங்களோடு வந்து நின்றார். பிள்ளையின் வாயிலிருந்து வந்த முதல் உளறலைக் கேட்டதும் அவர் தலையில் கையை வைத்தார்.

“இஞ்சேரும், பிள்ளை கணக்கெல்லோ சொல்லுது!”

“ஓம் மச்சாள்.”

“பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சாமி பேர் சொல்லிக் குடுத்திருந்தால் இப்ப சாமி பேர் வந்திருக்கும்.”

அவர் சொன்னதில் பாதியை நான் ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தேன்.

“இருநூற்று எழுபத்தொண்டு. மிச்சம் பத்தொன்பது,” என்றாள் மகள், கண்ணை மூடியபடி. கொஞ்ச நேரம் கழித்து, “இருநூற்று எழுபத்தேழு. மிச்சம் முப்பத்தொன்பது.”

நான் ஈரத்துணியை அவள் நெற்றியில் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனேன். ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் பிரித்துப் பார்த்தேன். இரண்டும் சரி. அந்தக் கிழமைகளில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான். பிள்ளை என்னைத் தெரியாமல் கிடந்தாள். தண்ணீர் பருக்கினால் விழுங்க மறந்தாள். ஆனால் மிச்சம் முப்பத்தொன்பது என்பது சரியாக இருந்தது. உள்ளே ஓர் இடம் இன்னும் பழுதாகவில்லை.

அதன்பிறகு நான் செய்தது எல்லாம் அதுதான். மத்தியானம் திரும்பிக் காய்ச்சல் ஏறும் நேரத்தில் அவள் சொல்லத் தொடங்குவாள். நான் குசினிக்கு ஓடிச் சரிபார்ப்பேன். இருநூற்று எண்பத்தொன்று, மிச்சம் இருநூற்றுப் பதினொன்று. சரி. இருநூற்று எண்பத்து மூன்று, மிச்சம் நூற்றெழுபது. சரி. இவையெல்லாம் அவள் படுக்க முன்னர் சிலேற்றில் செய்தவை, ஞாபகத்திலிருந்து சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஞாபகமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் பழைய எண்களைச் சொல்லி முடித்தாள். பிறகு, “இருநூற்றுத் தொண்ணூற்று மூண்டு,” என்றாள். அவள் படுக்க முன்னர் வராத எண் அது.

“மிச்சம் இல்லை.”

எந்த எண்ணால் பிரித்தாலும் மிச்சம் வரவேண்டிய எண் அது. ஞாபகம் இருந்த மட்டும் சரியாகச் சொன்னாள். ஞாபகம் முடிந்து சொந்தப் புத்தியால் நடக்க வேண்டிய முதல் அடியிலேயே விழுந்துவிட்டாள். கிணற்றடிப் பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் கண்ணில் தெரிந்தது.

கணவர் நனைந்துபோய் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

“என்ன? மூச்சு இருக்கோ?”

“இருக்கு. மிச்சம் இல்லையாம்.”

“மிச்சம் இல்லாட்டி நல்லதுதானே?”

அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நான் அழுதேன். அவர் ஒன்றும் விளங்காமல் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

மகள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இப்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். “இருநூற்றுத் தொண்ணூற்று மூண்டு நிரை. நிரைக்கு மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூண்டு. மிச்சம் இல்லை.” சொல்லிவிட்டு, யாரோ கேட்காமல் போகிறதைப் போல முகத்தைச் சுளித்து மறுபடியும் தொடங்கினாள். உதடு வெடித்திருந்தது. கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

எத்தனையோ முறை கேட்ட பிறகுதான் என் காதில் இருந்த வாத்தியார்ப் புத்தி விழித்தது. ஒன்று மூன்றில் முடிகிறது. மற்றதும் மூன்றில் முடிகிறது. மும்மூன்று ஒன்பது. எங்கள் எண் ஒன்பதில் முடிகிறது. உளறுகிற வாய்க்குக் கடைசி இலக்கம் பொருந்துமா? தற்செயலாகப் பொருந்தலாம். பிள்ளைகள் பிழையாகச் செய்த கணக்கிலும் கடைசி இலக்கம் பொருந்தியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் எழும்பிக் குசினிக்குப் போனேன்.

நிரைக்கு உள்ளதை முந்நூறால் பெருக்கினேன்: பத்து இலட்சத்து இருபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அதில் ஏழு நிரை கூடுதல். ஏழு நிரைக்கு இருபத்து மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று. கழித்தேன். பத்து இலட்சத்து ஒன்பது.

நான் அதை நம்பவில்லை. நித்திரை இல்லாத என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். அழித்துவிட்டு நேராகப் பெருக்கினேன். அதே விடை. கரியைக் கையில் வைத்தபடி அம்மியில் இருந்தேன்.

பிள்ளையின் புத்தி பழுதாகவில்லை. பெரிய ஆட்கள் கண்டுபிடிக்காத ஒன்றை அது காய்ச்சலுக்குள் கிடந்து கண்டுபிடித்திருக்கிறது. மனம் நிறைந்தது என்று எழுத விருப்பம்தான். ஆனால் அந்த நிறைவு அடுப்பில் விறகைத் தள்ளி வைக்கும் நேரம்கூட நிற்கவில்லை. மூளைக்கு ஒரு வேலையும் கொடுக்கக் கூடாது என்றல்லவா பரியாரியார் சொன்னார்? இவள் இத்தனை நாளும் வேலை செய்துகொண்டே கிடந்திருக்கிறாள். அடங்கிவிட்டது என்று யாரும் சொல்லாததால் இன்னும் செய்துகொண்டிருக்கிறாள்.

மறுமொழி சொல்லக் கூடாது. ஆனால் சொல்லாவிட்டால் இவள் எப்போது நிற்பாள்?

அறைக்குள் போனேன். மச்சாள் வாசற்படியில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காதபடி குனிந்து, மகளின் காதில் சொன்னேன்: “சரி பிள்ளை. நான் பெருக்கிப் பாத்தனான். அடங்கிட்டுது.”

அவள் வாய் பாதியில் நின்றது. முகத்தின் சுளிப்பு மெல்ல விட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அந்த மௌனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என்ன செய்துவிட்டேன் என்று மூக்கின் கீழ் விரலை வைத்தேன். மூச்சு வந்தது. விரலை எடுத்தேன், நம்பிக்கை வராமல் திரும்ப வைத்தேன். விளக்கு வைக்கிற நேரம் பரியாரியார் குடையோடு வந்து நாடி பார்க்கும் வரை நான் விரலை வைப்பதும் எடுப்பதுமாகவே இருந்தேன். “நித்திரை,” என்றார் அவர். “சன்னி இறங்குது. நீர் ஒண்டும் கதைக்கேல்லைத்தானே?”

“இல்லை,” என்றேன்.

காய்ச்சல் இறங்கியது. மாரி முடிந்தது. தலைமயிர் கொட்டியதால் ஒட்ட வெட்டிவிட்டோம். கதிரையில் தலையணை வைத்து இருத்தினால் கொஞ்ச நேரம் இருப்பாள். எங்களைத் தெரிந்தது. பெயர்களைச் சரியாகச் சொன்னாள். ஆனால் முன்னைப்போல எதிர்க்கதை இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் யோசித்து யோசித்து. நான் அவளை வேவு பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பால் தம்ளரைக் கையில் எடுத்து ஒரு கணம் நிறுத்தினாள் என்றால், எதற்காக எடுத்தேன் என்று மறந்துவிட்டாளோ என்று அவள் வாயில் வைக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றைப் பற்றி அவளுக்கு ஒரு ஞாபகமும் இல்லை. நானும் சொல்லவில்லை.

கிழங்கு கிண்டத் தொடங்கிய நாள்களில் ஒரு காலை, “அம்மா, என்ரை சிலேற் எங்கை?” என்றாள்.

கொடுக்க எனக்கு மனமில்லை. கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் மடியில் வைத்துவிட்டு, அரிசி புடைக்கிற சாட்டில் பக்கத்தில் இருந்துகொண்டேன்.

“எதிலை விட்டனான்?”

“இருநூற்று எண்பத்து மூண்டிலை.”

“அப்ப அடுத்தது இருநூற்றுத் தொண்ணூற்று மூண்டு,” என்று எழுதத் தொடங்கினாள். பென்சில் பிடித்த விரல்கள் கோழிக்கால் போல இருந்தன. ஆயிரத்தில் மூன்று தரம், எண்ணூற்று எழுபத்தொன்பது. மிச்சம் நூற்று இருபத்தொன்று. சரி. சுழியை இறக்கினாள். ஆயிரத்து இருநூற்றுப் பத்தில் நாலு தரம், ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு. சரி. கழித்து நாற்பத்தெட்டு என்று எழுதினாள்.

முப்பத்தெட்டு.

சுளகை வைத்திருந்த என் கை நின்றுவிட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை விடுகிற பிழை. இவள் ஐந்து வயதிலும் விடாத பிழை. நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிழையைத் திருத்துவாள். ஆனால் அவளாகக் காண்பாளா மாட்டாளா என்று எனக்கு ஒருநாளும் தெரியாமல் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் பிழையோடு கீழே இறங்கிப் போனாள். கடைசியில், “மிச்சம் நூற்று இருபத்தொண்டு,” என்று சொல்லிவிட்டு, முந்நூற்று ஏழு என்று பக்கத்தில் எழுதினாள்.

என் கண்ணுக்கு முன்னால் அரிசியும் உமியும் ஒன்றாகத் தெரிந்தன. அன்றைக்குச் சன்னியில் இருந்த புத்தி, சன்னியோடு போய்விட்டது என்று நினைத்தேன். நான் காதில் சொன்ன மறுமொழிதான் அதைக் கொண்டு போனது என்றும் நினைத்தேன்.

அவள் முந்நூற்று ஏழைத் தொடங்கவில்லை. பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு சிலேற்றைப் பார்த்தாள்.

“இதென்ன, மேலேயும் நூற்று இருபத்தொண்டு, கீழேயும் நூற்று இருபத்தொண்டு?”

நான் திரும்பவும் அரிசியைப் புடைக்கத் தொடங்கினேன்.

“வரலாம். ஆனால் எனக்குப் பிடிக்கேல்லை,” என்றாள். விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தெட்டில் விரல் நின்றது. “சீ!” என்றாள். உள்ளங்கையால் அழித்தாள். முப்பத்தெட்டு. முந்நூற்று எண்பதில் ஒரு தரம், மிச்சம் எண்பத்தேழு. ஒன்பதை இறக்கினாள். எண்ணூற்று எழுபத்தொன்பது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேலே முதலில் கழித்த எண்ணூற்று எழுபத்தொன்பதைப் பார்த்தாள். மூன்று தரம். சுழி.

“அம்மா! உங்கடை வெள்ளைக்கார அம்மா பிழை விட்டிட்டா!”

நான் சுளகைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்து அழுத சத்தத்தில் மச்சாள் வளவுக்குள்ளிருந்து கிழங்கும் கையுமாக ஓடி வந்தார்.

“ஐயோ, என்ன நடந்தது?”

“மாமி, பத்து லட்சத்து ஒன்பது பாத்திக்கு அடங்கிட்டுது!”

மச்சாள் கிழங்கைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “சன்னி இன்னும் விடேல்லைப் பிள்ளை. ஆளனுப்பிப் பரியாரியாரைக் கூப்பிடுவம்.”

“இல்லை மச்சாள், அது சரி. நான் அண்டைக்கே பெருக்கிப் பாத்தனான்.”

“அப்ப உமக்கும் சேத்துக் குளிசை கேப்பம்.”

மகள் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு இருமலாகியது. இருமல் என்றதும் நான் முதுகைத் தடவத் தொடங்கிவிட்டேன்.

இப்போது அவள் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். போன விடுமுறையில் வந்தபோது குசினியில் எனக்குப் பக்கத்தில் இருந்து, அந்த எண்ணைப் பற்றிப் புதிதாக ஒன்று அறிந்ததாகச் சொன்னாள். அதைப் பிரித்துப் பார்க்கவே தேவையில்லையாம். ஆயிரம் நிரை ஆயிரமாக ஒரு சதுரப் பாத்தியும், மும்மூன்றாக ஒரு சின்னச் சதுரப் பாத்தியும் போட்டால் அத்தனை கொட்டையும் முடிந்துவிடும். அதை விட்டுத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஒரு சதுரமும், இருநூற்று முப்பத்தைந்தில் ஒரு சதுரமும் போட்டாலும் முடிந்துவிடும். இப்படி இரண்டு விதமாக இரண்டு சதுரங்களுக்குள் அடங்குகிற எண் ஒருநாளும் பகா எண்ணாக இருக்க முடியாதாம். ஏன் என்று நிலத்தில் எழுதிக் காட்டிக்கொண்டு போனாள். கண் மினுங்கியது. வேகம் வேகமாகக் கதைத்தாள்.

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விளங்கியும் இருந்தது. ஆனால் அவள் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு என்று சொன்ன இடத்தில் என் கை தன்பாட்டில் போய் அவள் நெற்றியில் பட்டுவிட்டது.

அவள் கதையை நிறுத்தினாள்.

“சுடுகுதோ அம்மா?”

“இல்லை,” என்றேன். “நீ சொல்லு.”

அவள் என் கையை எடுத்துவிடவில்லை. அது அங்கேயே இருக்க, மீதிக் கணக்கைச் சொல்லி முடித்தாள்.